பதினேழு 'இல்ல'

முதலில் வந்தது ஒரு கைத்தடி.

மடுல்கெல்லையிலிருந்து ஆட்டோ ஏறமாட்டேன் என்று அடம்பிடிக்கும் அந்த ஏற்றத்தில், கொட்டுகிற மழைக்குள், குடை பிடித்துக்கொண்டு அரசாங்கமே நடந்து வந்து அதைக் கொடுத்துவிட்டுப் போனது. குருவிமலைத் தோட்டத்துக் கீழ்க்கணக்குப் பிரிவில், லயத்து வரிசை வீடுகளின் நாலாம் காம்பராவில் இருக்கும் வலன்ரைனுக்கு வயது எழுபத்தாறு. கால்கள் இரண்டும் கருங்காலிக் கட்டைகள். தடியை வாங்கி, கூரைத் தகரத்தில் ஏறும் கோழிகளை விரட்ட வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் ஒரு மூக்குக்கண்ணாடி வந்தது. போட்டுப் பார்த்தார். எதிர்மலை ஓடி வந்து வாசலில் நின்றது. பயந்துபோய்க் கழற்றிவிட்டார். அதற்கடுத்த மாதம், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு முதுகு புண்ணாகாமல் இருக்கக் காற்று அடிக்கும் மெத்தை வந்தது. அதற்கும் பிறகு, உட்கார்ந்தபடியே வெளிக்குப் போவதற்கு நடுவில் ஓட்டை போட்ட கதிரை.

கதிரையைப் பார்த்ததும் வலன்ரைன் இரண்டடி பின்னால் போனார்.

"ஜெஸ்மினு, இவனுங்க நம்மள எங்கயோ படிப்படியா எறக்குறானுங்க புள்ள. தடி, கண்ணாடி, மெத்த, இப்ப இது. அடுத்தது என்னா வரும்னு சொல்லு பாப்போம்?"

மருமகள் ஜெஸ்மின் மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து, மழைக்காக இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சீலையை அவிழ்த்து, கெண்டைக்காலில் தொங்கிய அட்டையைச் சவர்க்காரத் துண்டால் தேய்த்து விழுத்தினாள். அன்றைய மழை சாதாரண மழையில்லை. கொழுந்தோடு சேர்த்து அவளையும் மேகம் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"பொட்டி வரும் மாமா," என்றாள் சிரித்துக்கொண்டு. "மூடியோட."

அந்தச் சிரிப்புதான் அந்த வீட்டில் கடைசியாகக் கேட்ட சிரிப்பு. பெட்டி வரவில்லை. கடிதம் வந்தது.

அதைச் சொல்லுமுன் வலன்ரைனின் வாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தேயிலை ஸ்டோரில் முப்பத்தெட்டு வருஷம் அடுப்பு எரித்தவர். கொழுந்து அரைக்கும் ரோதை மெஷின்களின் இரைச்சலில் ஒரு காது முழுதாகவும் மற்றது அரைவாசியும் போய்விட்டது. யார் எதைக் கேட்டாலும், காதில் விழுந்ததோ இல்லையோ, முதலில் 'இல்ல' என்று ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் பதிலைத் தேடுவார். அவருக்குக் கல்யாணம் நடந்த அன்று கோயிலில் பாதர், "கத்தரீனாவை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?" என்று கேட்டபோது, "இல்ல சாமி, சம்மதந்தான்" என்றாராம். பாதர் புத்தகத்தை மூடிவிட்டார். கத்தரீனாவின் அண்ணன்மார் ஐந்து பேர் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்கள். ஒருவழியாக விளங்கப்படுத்தித் தாலி கட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. கத்தரீனா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. அந்த 'இல்ல' மட்டும் போகவில்லை.

கைத்தடி வருவதற்கு முந்திய மார்கழியில் முதியோர் தேவைகளைக் கணக்கெடுக்கப் பிரதேச செயலகத்திலிருந்து ஒரு மிஸ் வந்தாள். சந்தமாலி என்று பெயர். ஹம்பாந்தோட்டைப் பக்கத்துப் பிள்ளை. அந்தக் குளிரில் அவளுடைய பற்கள் அடித்துக்கொண்ட சத்தம் ரோதையை மிஞ்சியது. தமிழ் வகுப்புக்கு அப்போதுதான் சேர்ந்திருந்தாள். ஆனால் வயதானவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்று நல்ல மனசோடு வந்திருந்தாள்.

"ஐயா தனியா இருக்கிறதா?"

"இல்ல மிஸ், மருமக இருக்கு. மகன் ஜொனி கொழும்புல."

"நடக்க கஷ்டமா?"

"இல்ல மிஸ், ஓடுவேன்."

"கண்ணு?"

"இல்ல, அது நல்லாத்தான் தெரியுது."

"படுக்க, எழும்ப, பாத்ரூம் போக..."

"இல்ல, இல்ல."

"முதியோர் இல்லம் போக கெமதியா?"

கெமதி என்றால் விருப்பம். அது வலன்ரைனுக்குத் தெரியும். பதறிப்போய், "இல்ல! இல்ல! இல்ல மிஸ்!" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மிஸ் தலையாட்டினாள். மிச்சக் கேள்விகளுக்கும் 'இல்ல'தான் வந்தது. காதில் விழுந்ததை ஒரு எழுத்து விடாமல் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டாள். ஜெஸ்மின் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, மாசிச் சம்பலோடு ஒரு ரொட்டியும் தின்று, கண்ணில் தண்ணீர் வடிய நன்றி சொல்லிவிட்டு, லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் போனாள்.

அங்கே இருந்தவர் யோகராஜ். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி வெட்டி முழங்கால் தேய்ந்துபோன மனுஷன். எழுபத்து நாலு வயது. கல்யாணம் இல்லை, பிள்ளை குட்டி இல்லை. இருந்த கூரைத் தகரத்திலும் பாதியைக் காற்று வாங்கிக்கொண்டது. மிஸ் அதே கேள்வியைக் கேட்டதும் அவர் எழுந்து சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"போறேன் மிஸ், போறேன். இன்னைக்கே போறேன். பைய எடுக்கட்டா?"

அதையும் மிஸ் அப்படியே எழுதிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து யோகராஜின் வாசலுக்கு ஒரு மூட்டை உரம் வந்தது. நிலம் என்று அவருக்கு இருந்தது நகத்துக்குள் இருந்த மண் மட்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாமல், மூட்டையைச் சுவரோடு சாத்தி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். கொழும்பில் மந்திரிமார் உட்காரும் கதிரைகூட இவ்வளவு மெத்தென்று இருக்காது என்று போகிற வருகிறவர்களிடம் சொன்னார்.

இனி கடிதம். தமிழில்தான் வந்தது. ஆனால் அந்தத் தமிழைப் படிக்க ஒரு பாதர் தேவைப்பட்டிருக்கும். ஜெஸ்மின் வாசலில் நின்று சத்தமாக வாசித்தாள்.

"'தங்களால் மீண்டும் மீண்டும் விடுக்கப்பட்ட உருக்கமான வேண்டுகோளைக் கருத்திற்கொண்டு, தங்களை முதியோர் இல்லத்தில் நிரந்தரமாகச் சேர்ப்பதற்கு அனுமதி வழங்கப்பட்டுள்ளது. எதிர்வரும் செவ்வாய்க்கிழமை காலை வாகனம் அனுப்பப்படும்.'"

கடிதத்தை மடித்தாள். மடித்ததை இன்னொரு முறை மடித்தாள். தீப்பெட்டி அளவுக்கு வந்தபிறகுதான் நிமிர்ந்தாள்.

"யாருகிட்ட மாமா அழுதீங்க?"

"இல்ல புள்ள..."

"என்னா இல்ல? மீண்டும் மீண்டும்னு எழுதியிருக்கே. நா ஒங்கள என்னா கொற வச்சேன்? ரொட்டி சுட்டா மொத ரொட்டி ஒங்களுக்குத்தானே? கட்டச் சம்பல்ல ஒறைப்பு கூடிப் போச்சின்னு போய் கவர்மென்டுகிட்டயா சொல்லுவாங்க?"

"இல்ல ஜெஸ்மினு, நா சத்தியமா..."

"அந்த இல்லய நிப்பாட்டுங்க மொதல்ல!"

செய்தி ஒரே மணி நேரத்தில் பீலிக்கரைக்குப் போய், அங்கிருந்து மேல்கணக்குக்கு ஏறி, பாதி வழியில் வளர்ந்து, ஜெஸ்மின் மாமனாரைக் கோழிக்கூட்டில் அடைத்து வைத்திருந்தாள் என்ற உருவத்தோடு திரும்பி வந்தது. கொழும்பிலிருந்து ஜொனி போன் எடுத்து அவளை ஏசினான். அன்று சோறும் பலாக்கொட்டைக் கறியும் வழக்கம்போலத்தான் வைத்தாள். 'இன்னும் கொஞ்சம் போடவா மாமா' என்று மட்டும் கேட்கவில்லை. கீழே பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து வாசற்படியில் குந்திக்கொண்டது. இனி இந்த வீட்டில் தனக்கு நாலு நாள் என்று வலன்ரைன் விரலை மடக்கினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஜெஸ்மின் வேலைக்குப் பேர் போடாமல் அவரைப் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"வாங்க. நீங்க கேக்கலன்னா அங்க வந்து என் முன்னாடி சொல்லுங்க," என்றாள்.

செயலகத்தில் வரிசை கண்டி வரைக்கும் நீண்டிருந்தது. மத்தியானத்துக்கு மேல்தான் கோப்புகளை டைப் செய்யும் லிகிதர் ஐயாவின் மேசைக்கு வந்தார்கள். ஆண்டவன் தமிழ் எழுத்துக்களை உண்டாக்கிய நாளில் அந்த ஐயா லீவில் இருந்திருக்க வேண்டும். சந்தமாலி மிஸ் ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். இந்த நாலு மாதத்தில் அவளுடைய தமிழ் கொஞ்சம் கால் ஊன்றியிருந்தது. லிகிதர் ஐயா கோப்பைத் திறந்து, தான் டைப் செய்த தாளில் விரல் வைத்துப் பெருமையோடு வாசித்தார்.

"இல்லா. இல்லா. இல்லா. பதினேழு முறை!"

மிஸ்ஸின் முகம் மாவு பூசினாற்போல் ஆனது. விரலால் அந்த வரியைத் தொட்டாள். பிறகு தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள்.

"அக்கா... சிங்களத்தில இல்லா சொன்னா, கேட்டு. கேட்டு இருக்கிறார். நான் ஐயா சொன்ன இல்ல எழுதினது. இவர் வாசிச்சது, ஐயா கேட்டு, கேட்டு, கேட்டு. நடக்க கஷ்டம், கேட்டு. கண்ணு, கேட்டு. இல்லம் போக, கேட்டு."

ஜெஸ்மினுக்கு விளங்க அரை நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். நேற்றிலிருந்து அடக்கிய அழுகையும் அதற்குமேல் ஒரு சிரிப்பும் ஒன்றாக முட்டி, கடைசியில் விக்கல் வந்துவிட்டது.

"அப்ப நீங்க வேணாம்னு சொல்லச் சொல்ல, அவுங்க குடு குடுன்னு எழுதியிருக்காங்களா மாமா?"

"இல்ல புள்ள, அதத்தானே நா..."

"ஐயோ, இங்க வாயத் தொறக்காதீங்க!" என்று அவர் வாயைப் பொத்தினாள்.

"சரி, ரத்துப் பண்ணுங்க சார்," என்றாள் லிகிதரிடம்.

லிகிதர் ஐயா சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். மிஸ் தயங்கித் தயங்கி விளங்கப்படுத்தினாள். வேண்டுகோளைத் திரும்பப் பெறுவதற்குத் தனிப் படிவம் இருக்கிறது. அதற்குச் சிங்களத்தில் 'இல்லா அஸ்கர' என்று பெயர்.

"அதுலயும் இல்லயா?" என்றாள் ஜெஸ்மின்.

"அதிலும் இருக்கு அக்கா. அது கமிட்டிக்குப் போகணும். கமிட்டி ஆவணியில. வாகனம் செவ்வாய்க்கிழமை."

"அப்ப செவ்வாக்கெழம?"

"வாகனம் வரும். ஏறணும். ஒரு ஆள் ஏறாட்டி அந்த இடம் வெறும். வெறும் போனா உங்க தோட்டத்துப் பேர் வெட்டுவாங்க. அடுத்த வருஷம் யாருக்கும் இல்ல." அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லிவிட்டு மிஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

புறப்படும்போது ஜெஸ்மினுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. "மிஸ், எங்க லயத்துல யோகராஜ்னு ஒருத்தர். போறேன் போறேன்னு சொன்னாரே, அவர ஏத்துங்களேன்?"

மிஸ் வேறொரு கோப்பைத் தேடி எடுத்தாள். அது விவசாயப் பிரிவின் கோப்புக் கட்டுக்குள் கிடந்தது. அவள் எழுதிய வரியை அவளே வாய்விட்டு வாசித்தாள். "போறேன்." சிங்களப் பேச்சில் போர என்றால் உரம்.

யாரும் சிரிக்கவில்லை. யோகராஜை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்து இந்தப் பட்டியலுக்கு மாற்ற ஒரு வருஷமாகும் என்றார் லிகிதர் ஐயா.

திங்கட்கிழமை பின்னேரம் வலன்ரைன் கடைசிக் காம்பராவுக்குப் போனார். யோகராஜ் உர மூட்டையில் உட்கார்ந்து ஒழுகும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மழை வலுத்திருந்தது. வெளியே தூறல்தான்.

"வெளியில நின்னா கொஞ்சம் நனையாம இருக்கலாம்ணே," என்றார் யோகராஜ். நடந்த எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டுத் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, நிற்க நேரம் எடுத்தது.

"அண்ணே, ஒன் இல்லய எனக்குக் குடு."

"என்னாடா சொல்லுற?"

"பேரயும் கார்டையும் குடு. ஒன் கார்டுல இருக்குற படத்தப் பாத்தா நீயா, வாளியான்னு தெரியல. என்னுது அதவிட மோசம். நா வலன்ரைனா போறேன். நீ இங்கன யோகராஜா கெட. ஒரம் வந்தா வாங்கி வச்சிக்க."

"வெளயாடாதடா. பேரு சின்னச் சாமானா?"

யோகராஜ் சிரிப்பை நிறுத்தினார். "போன மாசம் காய்ச்சல்ல மூணு நாளு கெடந்தேன்ணே. தண்ணி மோந்து குடுக்க ஆளில்ல. நாலாம் நாளு கதவத் தட்டுனது ஒரக்காரன்தான். கையெழுத்து வாங்க. செத்துப் போயிருந்தா எங்கிட்டக் கையெழுத்து வாங்கியிருக்க ஏலாதேன்னுதான் அவனுக்குக் கவல."

வலன்ரைன் மடியிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார். கொடுக்கும்போது விரல் விட மறுத்தது. யோகராஜ்தான் மெதுவாக உருவி எடுத்தார். திரும்பி நடக்கையில் தன் எடையில் பாதி குறைந்துவிட்டதுபோல வலன்ரைனுக்கு இருந்தது. காற்று அடித்தால் தேயிலைக்கு மேலால் தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்று வேலிக் கம்பைப் பிடித்துப் பிடித்து வந்தார்.

ஜெஸ்மினுக்கு அது பிடிக்கவில்லை. "பேர குடுத்துட்டு என்னாத்த வச்சிக்கிறது மாமா?" என்று ஒருமுறைதான் கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. முதல் ரொட்டியை அவர் தட்டில் போட்டு, "இன்னொன்னு போடவா?" என்றாள். அதற்காக எத்தனை பெயரைக் கேட்டாலும் அவர் அன்று கொடுத்திருப்பார்.

ஞானஸ்நானம் வாங்காத யோகராஜுக்குச் சிலுவை போடக் கற்றுக்கொடுத்தது பெரும்பாடு. நெற்றியில் தொடங்கி வயிறு வரை ஒழுங்காகப் போவார். தோள்பட்டைக்கு வந்ததும் திருநீறு பூசுவதுபோல் மூன்று விரலை இழுத்துவிடுவார்.

செவ்வாய்க்கிழமை வெள்ளை வாகனம் வந்தது. வளைவில் அது போட்ட ஹோர்னுக்கு மலை முழுக்கக் கூடைக்காரிகள் நிமிர்ந்தார்கள். இல்லத்திலிருந்து வந்த தடித்த மனிதர் பட்டியலோடு இறங்கினார். சந்தமாலி மிஸ்ஸும் இறங்கினாள். நாலாம் காம்பராவின் வாசலில் யோகராஜ் சவரம் செய்து, ஜெஸ்மின் பெட்டி போட்ட வெள்ளைச் சட்டையோடு, பையும் கையுமாக நின்றார். பைக்குள் அவருடைய கவ்வாத்துக் கத்தி இருந்தது. அதைவிட்டுப் போக மனம் வரவில்லை.

"பேரு?"

"வலன்ரைன் சார்."

மிஸ் அவரைப் பார்த்தாள். பிறகு கதவோரம் கோழி விரட்டும் தடியோடு நின்றவரைப் பார்த்தாள். இருவரையும் நேரில் கேட்டு எழுதியவள் அவள்.

"சும்மா கேக்கிறது," என்றாள் யோகராஜிடம். "இல்லம் போக கெமதியா?"

யோகராஜ் நெஞ்சை நிமிர்த்தினார். "இல்ல!" என்றார் மலை அதிர. "இல்ல, இல்ல, இல்ல, இல்ல!"

தடித்த மனிதர் திருப்தியோடு பட்டியலில் கோடு போட்டார். மிஸ் குடையை முகத்துக்குக் குறுக்கே சாய்த்துக்கொண்டாள்.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெஸ்மின் இல்லத்துக்குப் போன் எடுப்பாள். அங்கே காலையில் கிரிபத் பாற்சோறு, மத்தியானம் மீன், பின்னேரம் டீவி. பூசைக்கு வரும் பாதர், வலன்ரைனைப்போல் பக்திமானைக் கண்டதில்லை என்றாராம். 'பிதா'வுக்கும் 'சுதனு'க்கும் நடுவில் ஒரு 'முருகா' வருவதை அந்தப் பாதரின் செவிட்டுக் காது பிடிக்கவில்லைபோலும்.

இரண்டாம் மாதம் இங்கே இன்னொரு மூட்டை உரம் வந்தது. வலன்ரைன் 'யோகராஜ்' என்று கையெழுத்திட்டு வாங்கினார். அன்றிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. யாராவது வாசலில் 'வலன்ரைன் அண்ணே' என்று கூப்பிட்டால் திரும்பி, தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பார்.

ஆனியில் மழை பிடித்தது. அந்த மாதத்து ஒரு ஞாயிறு ஜெஸ்மின் போனை வைத்தாள்.

"நா எப்புடி இருக்கேனாம்?" என்று கேட்டார் வலன்ரைன்.

"லேசா இருமலாம் மாமா."

அவரும் ஒருமுறை இருமிப் பார்த்தார். மறுநாளே கொத்தமல்லி, இஞ்சி, திப்பிலி எல்லாம் வறுத்து இடித்து, நூறு யானைக்குச் சளி பிடித்தாலும் காணும் என்கிற அளவுக்குப் பொட்டலம் கட்டி, வத்தேகமை போகும் பஸ்ஸில் ஏற்றி இல்லத்துக்கு அனுப்பிவைத்தார். மெழுகுதிரி ஏற்றி 'ஆண்டவரே, வலன்ரைனைக் காப்பாத்தும்' என்று மன்றாடினார். யாரைச் சொல்கிறோம் என்று ஆண்டவருக்குக் குழம்பிவிடுமோ என்று பயந்து, 'அங்க இருக்குற வலன்ரைன்' என்று திருத்தினார்.

அடுத்த ஞாயிறு: "சளி நெஞ்சுல எறங்கிட்டாம். டொக்டர் வந்தாராம்."

அதற்கடுத்த ஞாயிறு: "சாப்பாடு எறங்கலயாம் மாமா. நாம போய்ப் பாத்துட்டு வருவோமா?"

"போனா, நீங்க யாருன்னு கேப்பானே புள்ள?"

ஜெஸ்மின் தனியாகப் போகப் பை கட்டினாள். மறுநாள் காலை கீழ்வளைவில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. இரண்டு நாள் ஓடவில்லை. போனும் எடுபடவில்லை. லயத்தைப் பனிமூட்டம் மூடிக்கொண்டது. பக்கத்துக் காம்பராக்காரர் இருமினால் தன் வீட்டு அலுமாரிக்குள் யாரோ இருமுவதுபோல வலன்ரைன் திடுக்கிட்டார்.

மூன்றாம் நாள் பகல், அந்த மூட்டத்துக்குள்ளிருந்து சந்தமாலி மிஸ் நடந்து வந்தாள். வாகனம் இல்லை. குடைகூட இல்லை. கையில் ஒரு பையும் ஒரு கோப்பும். பையை ஜெஸ்மின் அடையாளம் கண்டுகொண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மிஸ் அதை வாசற்படியில் வைத்தபோது உள்ளே கவ்வாத்துக் கத்தி சத்தமிட்டது.

"ரோடு இல்ல, போன் இல்ல," என்றாள் மிஸ். அவள் தமிழ் இப்போது தடுக்காமல் நடந்தது. "சொல்லி அனுப்ப ஏலாமப் போச்சு. முந்தாநாள் பாதர் வந்து ஜெபம் சொன்னாரு. கல்லறையில நல்ல எடம் குடுத்தாங்க. சிலுவையும் வச்சாச்சு. பேரும் எழுதியாச்சு."

"என்ன பேரு?" என்றார் வலன்ரைன்.

மிஸ் படிக்கட்டில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள்.

"ஐயா, மரணப் பதிவு ஃபாரத்துல மொதல் கேள்வி. வீட்டுக்கு வந்து கேட்டுத்தான் எழுதணும்." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "வலன்ரைன் ஐயா இருக்காரா?"

"மாமா, யோசிச்சிச் சொல்லுங்க," என்றாள் ஜெஸ்மின். அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வலன்ரைன் வாழ்க்கையில் முதன்முறையாகப் பதில் சொல்லுமுன் யோசித்தார். இருக்கிறேன் என்றால் அங்கே படுத்திருப்பவனைத் தோண்டுவார்கள். தன் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டுபோய், மழைபடாத ஒரு கட்டிலில் மூன்று மாதம் படுத்த மனுஷன். தெரிந்தும் குடையைச் சாய்த்துக்கொண்ட இந்தப் பிள்ளையின் வேலை போகும். அவரைக் கூட்டிப்போக வளைவில் மறுபடி அந்த ஹோர்ன் கேட்கும். உள்ளே அடுப்பில் ரொட்டி தீய்கிற வாசம் வந்தது. அது முதல் ரொட்டியாகத்தான் இருக்க வேண்டும்.

"இல்ல," என்றார்.

எப்போதும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பதில் வரும். ஜெஸ்மின் காத்திருந்தாள். மிஸ்ஸும் பேனையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

மிஸ் குனிந்து எழுதினாள். இந்தமுறை சிங்கள எழுத்தில் அல்ல. உருண்டையான தமிழ் எழுத்தில், ஒரு பிழையுமில்லாமல்.